சொட்டு மது தொடாதவருக்கும் கல்லீரல் கெடுகிறது: இனிப்புநீர் மறைத்து வைத்திருக்கும் நோய்

கமுந்திங்: கால் வீங்கியது. வயிறு உப்பியது. "வாயுவா இருக்கும்" என்று இஞ்சி தட்டிப் போட்டுக் குடித்தார். மூன்று வாரம் கழித்து ஸ்கேன் எடுத்தபோதுதான் மருத்துவர் "சிரோசிஸ்" என்றார். கல்லீரல் இறுகிச் சுருங்கிப்போன நிலை.

அந்த அத்தைக்கு வயது 58. தோட்டத்தில் பிறந்து, கமுந்திங் தாமான் ஒன்றில் குடியேறி, தொழிற்சாலை உணவகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இனிப்புநீர் வந்து 17 ஆண்டுகள் ஆகின்றன. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் பேசவே தொடங்கினார்.

"ஏம்மா, தீபாவளிக்குக்கூட நான் ஒரு வாய் வச்சது கிடையாது. பார்க்க வந்த சொந்தக்காரங்க முதல்ல கேட்டது என்ன தெரியுமா? 'மாமா ஊத்திக் கொடுத்துட்டாரா'ன்னு. சிரிச்சிக்கிட்டேதான் கேட்டாங்க. எனக்குத்தான் சிரிப்பு வரல."

நோயைவிட இந்தக் கேள்விதான் அவரை அதிகம் சுட்டிருக்கிறது. அதனால் கோவிலுக்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டார்.

கல்லீரல் நோய் என்றால் குடி என்று நம் சமுதாயத்தின் மனத்தில் எழுதி வைத்திருக்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. ரப்பர் தோட்டங்களில் கள்ளுக்கடை என்பது நிர்வாகமே இடம் ஒதுக்கிக் கொடுத்த ஒன்று. கெடாவில் ஏ.எம்.சாமி திரட்டிய தொண்டர் படை 1947இல் கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியலில் இறங்கியதை நம் தொழிலாளர் வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். கள்ளுக்குப் பின் சம்சு வந்தது. வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி இறந்த ஓர் ஆணாவது இல்லாத தோட்டக் குடும்பம் குறைவு. அந்த நினைவு நமக்குள் ஆழமாகப் பதிந்துவிட்டது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். நமக்கோ மஞ்சளைக் கண்டால் எல்லாமே குடியாகத் தெரிகிறது.

ஆனால் இன்று நம் வீடுகளில் கல்லீரலைக் கெடுத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் வேறொரு நோய். அது கிளினிக் அட்டையில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. நாம்தான் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

எண்களைப் பார்ப்போம். சுகாதார அமைச்சின் தேசிய சுகாதார, நோய்ப்பாதிப்பு ஆய்வு 2019இல் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பதாகக் கண்டது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 31.4 விழுக்காடு. 2015இல் இதே ஆய்வில் இந்தியர்களின் அளவு 22.1ஆக இருந்தது. 2023 ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6ஆக இறங்கியது. மகிழ்ச்சிதான். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: இனிப்புநீர், இரத்த அழுத்தம், கொழுப்பு, உடல் பருமன் ஆகிய நான்கையும் ஒருசேரச் சுமப்பவர்கள் நாட்டில் ஐந்து லட்சத்துக்கும் மேல். பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், 54.4 விழுக்காட்டினர், கூடுதல் எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். என் வயதுக்காரர்களைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. 18 முதல் 29 வயது வரை இனிப்புநீர் உள்ளவர்களில் 84 விழுக்காட்டினருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. அதைப் படித்த அன்றே நானும் போய் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன்.

இந்த நான்கு நோய்களும் சேரும் இடங்களில் ஒன்று கல்லீரல்.

நடப்பது இதுதான். சாப்பிட்ட மாவும் சர்க்கரையும் இரத்தத்தில் குளுக்கோஸாகச் சேர்கின்றன. அதை உயிரணுக்களுக்குள் அனுப்பும் வேலை இன்சுலினுடையது. இனிப்புநீர் வரும் பலருக்கு, நோய் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, இன்சுலினின் பேச்சை உடல் சரியாகக் கேட்பதில்லை. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. வயிற்றுக் கொழுப்பிலிருந்து கொழுப்பு அமிலங்கள் கசிந்து நேரே கல்லீரலுக்குப் போகின்றன. மிஞ்சிய சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றித் தன்னுள்ளேயே அடுக்கிக்கொள்கிறது. கல்லீரல் உயிரணுக்களில் 5 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்பு சேர்ந்தால் அதற்குக் கொழுப்பேறிய கல்லீரல் என்று பெயர்.

பலருக்கு அதோடு நின்றுவிடும். சிலருக்குக் கொழுப்பேறிய இடத்தில் அழற்சி வரும். அழற்சி ஆறும்போது தழும்பு விழும். தழும்பு மேல் தழும்பாகச் சேர்ந்தால் பஞ்சுபோல இருக்க வேண்டிய உறுப்பு இறுகிவிடும். இறுகிய கல்லீரலில் புற்றுநோயும் முளைக்கலாம். இதற்கெல்லாம் பத்து, இருபது ஆண்டுகள் பிடிக்கும். அத்தனை ஆண்டுகளும் வலி இருக்காது. கல்லீரலின் உட்பகுதியில் வலியை உணர்த்தும் நரம்பு இல்லை. பயம் வந்தால் "ஈரக்குலை நடுங்குது" என்கிறோம். நடுங்க வேண்டிய நேரத்தில் அது நடுங்குவதே இல்லை என்பதுதான் சிக்கல்.

மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் இரண்டாம் வகை இனிப்புநீர் உள்ள 557 பேரைப் பரிசோதித்து 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஃபைப்ரோஸ்கேன் என்ற கருவியால் கல்லீரலின் கொழுப்பையும் இறுக்கத்தையும் அளந்தார்கள். 72.4 விழுக்காட்டினருக்குக் கொழுப்பேறிய கல்லீரல் இருந்தது. அது எதிர்பார்த்ததுதான் என்று வைத்துக்கொள்வோம். 21 விழுக்காட்டினருக்குத் தழும்பு முற்றிய நிலையில் இருந்ததாக அளவீடு காட்டியது. ஐந்தில் ஒருவர். இவர்கள் பெரிய மருத்துவமனையில் சிகிச்சை பெறுபவர்கள் என்பதால் இந்த அளவை எல்லா இனிப்புநீர் நோயாளிகளுக்கும் அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் இவர்கள் கல்லீரல் நோய்க்காக வந்தவர்கள் அல்லர். இனிப்புநீருக்கு மருந்து வாங்க வந்தவர்கள்.

சென்னையில் டாக்டர் வி.மோகன் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வும் இதையே வேறு கோணத்தில் காட்டியது. 541 பேரைப் பார்த்தார்கள். சர்க்கரை அளவு இயல்பாக இருந்தவர்களில் 22.5 விழுக்காட்டினருக்குக் கொழுப்பேறிய கல்லீரல். இனிப்புநீர் உள்ளவர்களில் 54.5 விழுக்காடு.

"நான் குண்டு இல்லையே" என்று சொல்பவர்களுக்கு ஒரு படத்தை நினைவூட்ட விரும்புகிறேன். 2004இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே அச்சிட்டார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இருவருக்கும் உடல் எடைக் குறியீடு ஏறக்குறைய ஒன்றே, 22 சொச்சம். யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு. யாஜ்னிக் உடலில் 21.2 விழுக்காடு. ஒல்லியாகத் தெரியும் தெற்காசிய உடலுக்குள் கொழுப்பு எப்படி ஒளிந்திருக்கிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று கிடையாது. நம் நாட்டு மருத்துவ வழிகாட்டியும் கூடுதல் எடைக்கு 25 என்ற உலக அளவைப் பின்பற்றாமல் 23 என்றுதான் வைத்திருக்கிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செண்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 செண்டிமீட்டரையும் தாண்டக்கூடாது. தையல்காரர் வைத்திருக்கும் நாடா போதும்.

கமுந்திங் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது தடுப்பு முகாம்தான். 2007 டிசம்பரில் ஹிண்ட்ராப் தலைவர்கள் ஐவர் இசா சட்டத்தில் அடைக்கப்பட்ட இடம். இங்கேயே வாழ்பவர்களுக்கு இது வேலை ஊர். கிளியான் பாரு என்ற பழைய பெயரே ஈயச் சுரங்கத்தைக் குறிக்கிறது. பின்னர் சுற்றிலும் ரப்பர் வந்தது. இன்று கமுந்திங் ராயா தொழிற்பேட்டையில் ரப்பர் கையுறை செய்கிறார்கள். பால் மரம் வெட்டியவரின் பேத்தி இரவு ஷிப்டில் கையுறையைச் சரிபார்க்கிறாள்.

இந்த மாற்றத்தில் உடலுக்கு என்ன ஆனது என்பதை யாரும் பெரிதாகப் பேசியதில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, மேடு பள்ளம் ஏறி இறங்கி, நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்த உடலுக்கு ஒரு தட்டு நிறையச் சோறு தேவைப்பட்டது. பாலும் சீனியும் தூக்கலாகப் போட்ட தேநீர் அந்த உழைப்புக்கு எரிபொருள். மரம் போய்விட்டது. நடை போய்விட்டது. தட்டின் அளவு மட்டும் மாறவில்லை. காலை ரொட்டி சானாயும் தே தாரிக்கும், ஷிப்டு முடிந்து நள்ளிரவில் மாகி கோரேங்கும் சிராப் பண்டோங்கும் புதிதாகச் சேர்ந்துகொண்டன. இரவு வேலை தூக்கத்தைக் குலைக்கிறது. குலைந்த தூக்கம் இன்சுலினின் வேலையையும் குலைக்கிறது.

அரசாங்கம் சர்க்கரைக்கு எதிராகப் போர் என்கிறது. 2019 ஜூலை 1 முதல் இனிப்பு பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் கலால் வரி வந்தது. 2024 ஜனவரியில் அது 50 சென்னாக உயர்ந்தது. 2025 பட்ஜெட்டில் மேலும் 40 சென் கட்டம் கட்டமாக உயரும் என்று அறிவித்தார்கள். வரவேற்கத்தக்கதுதான். ஆனால் இந்த வரி போத்தலுக்கும் டின்னுக்கும். மாமாக் கடையில் நம் கண்ணெதிரே ஆற்றித் தரும் கிளாஸுக்கு இந்த வரி கிடையாது. அந்த கிளாஸின் அடியில் எவ்வளவு இனிப்புப் பால் ஊற்றுகிறார்கள் என்பதை நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். "கோப்பி ஓ கோசோங்" என்று கேட்டால் இன்னமும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். சர்க்கரை போடாத அந்தக் கறுப்புக் கோப்பியைத் தொடர்ந்து குடிப்பவர்களிடம் கல்லீரல் தழும்பு குறைவாக இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. மருந்து என்று சொல்லிவிட முடியாது. தே தாரிக்குக்கு மாற்றாகத் தாராளமாகச் சொல்லலாம்.

இனி, பெயரைப் பற்றிக் கொஞ்சம். தமிழ் படித்தவள் என்பதால் இந்த இடத்தில் நிற்காமல் போக முடியவில்லை.

இந்த நோய்க்கு நெடுங்காலம் மருத்துவ உலகம் வைத்திருந்த பெயர் "மது சாராக் கொழுப்புக் கல்லீரல் நோய்". எது இல்லையோ அதைச் சொல்லி ஒரு நோய்க்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மறுப்பதற்காகவே சொன்னாலும் "மது" என்ற சொல் முதலில் வந்து நின்றுவிடுகிறது. மருத்துவர் "மது சாராத" என்று சொன்னாலும் வீட்டில் காதில் விழுவது முதல் சொல் மட்டும்தான். இது நம் பிரச்சினை மட்டும் இல்லை போலும். 56 நாடுகளைச் சேர்ந்த 236 வல்லுநர்களும் நோயாளிகளின் பிரதிநிதிகளும் கலந்தாலோசித்துப் பெயரை மாற்றினார்கள். 2023 ஜூனில் வியன்னாவில் அறிவித்தார்கள். பழைய பெயரில் இருந்த "மது சாராத" என்ற சொல் இழிவுபடுத்துவதாக அவர்களில் 61 விழுக்காட்டினரும், "கொழுப்பு" என்ற சொல் இழிவுபடுத்துவதாக 66 விழுக்காட்டினரும் கருதினார்கள். புதிய பெயர் வளர்சிதைமாற்றக் கோளாற்றை முன்னே வைக்கிறது. உடல் உணவைக் கையாளும் விதத்தில் ஏற்படும் கோளாற்றால் வரும் கல்லீரல் நோய் என்று பொருள். தமிழில் வாய் நிறையும் அளவுக்கு நீளமான பெயர். "இனிப்புநீர்க் கல்லீரல்" என்று நான் வீட்டில் சொல்கிறேன். முழுக்கச் சரியில்லை, இனிப்புநீர் இல்லாமல் உடல் பருமனால் மட்டும் வருபவர்களும் உண்டு. ஆனாலும் அத்தைக்கு உடனே புரிந்தது.

மது குடிப்பவர்களுக்கு இது விடுதலைப் பத்திரம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொழுப்பேறிய கல்லீரல் மீது மதுவும் சேர்ந்தால் தழும்பு வேகமாக விழுகிறது. இனிப்புநீரும் இருந்து வார இறுதியில் பியரும் அடிப்பவருக்கு இரண்டு பக்கமும் அடி.

பரிசோதனை விஷயத்துக்கு வருவோம். கட்டுரையின் முக்கியமான பகுதி என்று நான் நினைப்பது இதுதான்.

அரசு சுகாதார கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கொடுத்து இனிப்புநீருக்குச் சிகிச்சை பெறுபவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை கண் பார்க்கிறார்கள். கால் பார்க்கிறார்கள். சிறுநீரில் புரதம் பார்க்கிறார்கள். கண் போய்விடும், கால் போய்விடும், டயாலிசிஸ் வந்துவிடும் என்ற மூன்று பயங்களும் நம் மக்களுக்கு நன்றாகத் தெரியும். நான்காவதாகக் கல்லீரலும் இருக்கிறது என்று அத்தையிடம் இந்த 17 ஆண்டுகளில் ஒருவரும் சொல்லவில்லையாம். கல்லீரல் இரத்தச் சோதனை செய்திருக்கிறார்கள். "நார்மல்" என்று சொல்லியிருக்கிறார்கள். அது பொய்யும் இல்லை.

கோளாறு அங்கேதான் இருக்கிறது. கல்லீரல் உயிரணுக்கள் சிதையும்போது ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. என்ற இரு நொதிகள் இரத்தத்தில் கசியும். அவற்றின் அளவைத்தான் சோதனைத் தாளில் பார்க்கிறோம். ஆனால் தழும்பு முற்றிய பலருக்கு அந்த எண்கள் இயல்பாகவே இருக்கும். எரிந்து முடிந்த வீட்டில் புகை வராது. அதனால் தனி எண்ணைப் பார்க்காமல் நான்கு எண்களைச் சேர்த்துப் பார்க்கும் ஒரு கணக்கை மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். ஃபிப்-4 என்று பெயர். வயதை ஏ.எஸ்.டி. அளவால் பெருக்க வேண்டும். அதை, தட்டணு எண்ணிக்கையையும் ஏ.எல்.டி.யின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும்.

ஒரு கற்பனைத் தாளை எடுத்துக்கொள்வோம். வயது 58. ஏ.எஸ்.டி. 38. ஏ.எல்.டி. 36. தட்டணு 165. பல ஆய்வகங்களில் நொதி 40 வரை இயல்பு. தட்டணு 150க்கு மேல் இருந்தால் இயல்பு. ஆகவே எல்லாமே "நார்மல்". இப்போது கணக்கு: 58ஐ 38ஆல் பெருக்கினால் 2,204. 36இன் வர்க்கமூலம் 6. 165ஐ 6ஆல் பெருக்கினால் 990. 2,204ஐ 990ஆல் வகுத்தால் 2.2.

1.3க்குக் கீழே வந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த எல்லையை 2 என்று வைக்கிறார்கள். 2.67க்கு மேல் போனால் நிபுணரைப் பார்த்தே ஆக வேண்டும். நடுவில் விழுந்தால் ஃபைப்ரோஸ்கேன் போன்ற அடுத்த சோதனை தேவை. அதாவது எல்லாம் "நார்மல்" என்று மடித்து வைத்த அந்தத் தாளுக்குரியவர் வீட்டுக்குப் போயிருக்கக் கூடாது.

தட்டணு இந்தக் கணக்கில் ஏன் வருகிறது என்பது சுவையான செய்தி. டிங்கிக் காய்ச்சலின் புண்ணியத்தில் தட்டணு என்ற சொல் நமக்கெல்லாம் பழக்கம். கல்லீரல் இறுகும்போது அதன் வழியே பாய வேண்டிய இரத்தம் தேங்குகிறது. பக்கத்தில் இருக்கும் மண்ணீரல் வீங்குகிறது. வீங்கிய மண்ணீரல் தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. காய்ச்சல் எதுவும் இல்லாமல் ஆண்டுக்கு ஆண்டு தட்டணு மெல்ல இறங்கிக்கொண்டே வந்தால் அது கல்லீரல் அனுப்பும் தந்தியாக இருக்கலாம். அத்தை பழைய சோதனைத் தாள்களை ஒரு பிளாஸ்டிக் பையில் பத்திரமாக வைத்திருந்தார். தரையில் பரப்பி வரிசையாக அடுக்கினோம். 240, 212, 186, 158. ஒவ்வொன்றும் தனித்தனியே இயல்புதான்.

இந்தக் கணக்குக்குப் புதிய இயந்திரம் வேண்டாம். முழு இரத்த எண்ணிக்கையில் தட்டணு ஏற்கெனவே இருக்கிறது. ஏ.எஸ்.டி.யை மட்டும் சில இடங்களில் தனியே எழுதிக் கேட்க வேண்டியிருக்கிறது. மலேசியக் குடல், கல்லீரல் மருத்துவர் சங்கம் 2022இல் வெளியிட்ட கருத்தொற்றுமை அறிக்கையும் முதலில் எளிய இரத்தக் கணக்கு, பிறகு ஃபைப்ரோஸ்கேன் என்ற இரண்டு படி முறையைத்தான் முன்வைத்தது. இந்தியா ஒரு படி மேலே போய் 2021 பிப்ரவரியில் இந்தக் கல்லீரல் நோயைப் புற்றுநோய், இனிப்புநீர், இருதய நோய்களுக்கான தேசியத் திட்டத்துக்குள்ளேயே சேர்த்தது. நம் கிளினிக்குகளில் கண், கால், சிறுநீரகம் என்ற ஆண்டுச் சோதனை வரிசையில் ஃபிப்-4க்கு ஒரு கட்டம் போடுவதற்குப் பெரிய ஒதுக்கீடு தேவைப்படாது. அடுத்த படியான ஃபைப்ரோஸ்கேனுக்கு வரிசை நீளும் என்பது உண்மையான கவலை. அதற்காக முதல் படியையே ஏறாமல் இருப்பது முறையா? சிறு ஊர்களில் மருத்துவருக்கு ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்கள். கணினியே கணக்கிட்டுச் சிவப்பில் காட்டினால் வேலை முடிந்தது.

பிடித்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். சிரோசிஸ் வரை போகாத கல்லீரல் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் ஆற்றல் உள்ளது. உடல் எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே கொழுப்பு இறங்கத் தொடங்குகிறது. 7 முதல் 10 விழுக்காடு குறைந்தால் அழற்சி தணிகிறது. அதற்கு மேல் குறைந்தவர்களில் பலருக்குத் தழும்பே பின்வாங்கியிருக்கிறது. 80 கிலோ இருப்பவர் 8 கிலோ குறைக்க வேண்டும். சொல்வது எளிது என்பது எனக்கும் தெரியும். 2024 மார்ச்சில் ரெஸ்மெடிரோம், 2025 ஆகஸ்டில் செமாகுளுடைட் என்று இரண்டு மருந்துகளுக்கு அமெரிக்கா இந்நோய்க்காக அனுமதி கொடுத்திருக்கிறது. ஒரு ரிங்கிட் கிளினிக்கில் மருந்து வாங்கும் நம்மவர்களுக்கு அவை எட்டாத விலை. அவையும் சிரோசிஸுக்கு முந்தைய நிலைக்கு மட்டுமே. முற்றிவிட்டால் மாற்று அறுவை சிகிச்சைதான். அரசு சார்ந்த இடங்களில் அதற்கு செலாயாங் மருத்துவமனைக்கோ மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கோ போக வேண்டும். கமுந்திங்கிலிருந்து இரண்டும் தொலைவு. தானமும் கிடைக்க வேண்டும்.

கல்லீரலைத் தாக்கும் பிற நோய்கள் இல்லாமல் இல்லை. இருதயம் பலவீனமானால் இரத்தம் பின்னோக்கித் தேங்கிக் கல்லீரல் வீங்கும். தலசீமியா நோயாளிகளுக்கு அடிக்கடி ஏற்றும் இரத்தத்தின் இரும்பு கல்லீரலில் படியும். டிங்கியிலும் கல்லீரல் நொதிகள் எகிறும். அந்த நேரத்தில் காய்ச்சலுக்குப் பாராசிட்டமோலை அளவு மீறிப் போடுவது ஆபத்து. மழைக்குப் பேர்போன தைப்பிங் வட்டாரத்தில் வாழ்பவர்கள் எலிச் சிறுநீர் நோயையும் மறக்கக் கூடாது. ஆற்றில் குளித்தவருக்கும் சாக்கடை அள்ளியவருக்கும் காய்ச்சல் வந்து, கெண்டைக்கால் வலித்து, கண் மஞ்சளானால் அது காமாலை என்று வீட்டில் வைத்துப் பத்தியம் பார்க்கும் விஷயம் அல்ல. உடனே மருத்துவமனை. 2010 முதல் மருத்துவர்கள் அரசாங்கத்துக்கு அறிவித்தே ஆக வேண்டிய நோய் அது.

பத்தியம் என்றதும் நாட்டு மருந்து பற்றியும் ஒரு வார்த்தை. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது நம் பாட்டிமார் சொத்து. அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இணையத்தில் "கல்லீரலைக் கழுவும்" பொடி என்று விற்பதெல்லாம் பாட்டி கொடுத்தது அல்ல. கோவிட் காலத்தில் நோய் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் எடுத்துக்கொண்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். ஏற்கெனவே கொழுப்பேறிய கல்லீரலுக்கு மேலும் ஒரு பாரம் எதற்கு? வாங்கத்தான் வேண்டும் என்றால் டப்பாவில் எம்.ஏ.எல். பதிவு எண் இருக்கிறதா என்றாவது பாருங்கள். மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

நம் இயக்கங்களும் கோவில்களும் மருத்துவ முகாம்கள் நடத்துகின்றன. விரலில் குத்தி ஒரு துளி இரத்தம் பார்க்கிறார்கள். இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். படம் எடுத்துச் செய்தியும் அனுப்புகிறார்கள். போடுபவர்களில் நானும் ஒருத்தி. அங்கே ஓர் அளவு நாடாவையும் சேர்க்கலாம். 40 வயதைத் தாண்டிய பி40 பிரிவினருக்கு பெக்கா பி40 திட்டத்தில் இலவச உடல் பரிசோதனை இருக்கிறது. தகுதி இருந்தும் எத்தனை பேர் போகவில்லை என்பதை அந்த வரிசையிலேயே நின்று கேட்டுப் பதிந்துகொடுக்கலாம். அன்னதானத்தில் பாயசக் கிண்ணத்தைச் சிறியதாக்க எந்தக் கோவில் நிர்வாகம் முன்வரும் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டுப் பார்த்த ஒரு தலைவர், "சாமி பேர்ல கொடுக்கறதை அளந்து கொடுக்க முடியுமா, பாப்பா?" என்றார்.

அத்தைக்கு இப்போது வயிற்று நீர் வடிய மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். உப்பு கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். அவருடைய மூத்த மகனுக்கு 34 வயது, இடுப்பு 104 செண்டிமீட்டர். நான்தான் அளந்தேன். அடுத்த தவணைக்கு அம்மாவைக் கூட்டிப்போகும்போது தானும் இரத்தம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். "ஏ.எஸ்.டி.ன்னு சொல்லிக் கேக்கணும், அதானே?" என்று கைத்தொலைபேசியில் எழுதி வைத்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து அத்தை குரல் கொடுத்தார்: "அவ வந்து ஒரு மணி நேரம் ஆச்சு, குடிக்க ஏதாவது கொடுடா." மகன் என்னைப் பார்த்தார். "கோப்பி ஓ கோசோங்" என்றேன்.